கேலப்பிங் கூஸை ரயில் சிமுலேட்டரில் ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரோ கேஜ், அதாவது குறுகிய தண்டவாளப் பாதையில் ஓடிய பழைய மோட்டார் வண்டிகளை 3டி மாடலாகச் செய்து சிமுலேட்டரில் ஓட்டிப் பார்ப்பது என் பல வருடப் பழக்கம். அதில் நான் அதிக நேரம் செலவிட்டது கொலராடோவின் கேலப்பிங் கூஸ் மீதுதான். அதைப் பற்றி நண்பர்களும் புதிதாகச் செய்யத் தொடங்குபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேலப்பிங் கூஸ் என்பது என்ன வண்டி?

முன்பக்கம் பழைய சொகுசு கார். பின்பக்கம் சரக்குப் பெட்டி. அடியில் ரயில் சக்கரங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரியோ கிராண்டே சதர்ன் என்ற ரயில்வே, ரிட்ஜ்வே ஊரில் இருந்த தன் சொந்தப் பட்டறையில் 1931 முதல் இவற்றைக் கட்டியது. பெட்ரோல் இன்ஜின், கார் கியர், ஒரே ஓட்டுநர். ரயில்வே ஆவணங்களில் வெறும் 'மோட்டார்' என்றுதான் பெயர். 'குதித்தோடும் வாத்து' என்ற பொருளில் கேலப்பிங் கூஸ் என்று அழைத்தது ஊர் மக்கள். இடமும் வலமுமாக ஆடி ஆடி வரும் நடையால் வந்த பெயர் என்பார்கள். இன்ஜின் சூடு தணிய பானெட்டின் இரு பக்கத்தையும் தூக்கி வைத்தால் சிறகு விரித்த மாதிரி இருக்கும், அதனால் வந்தது என்றும் சொல்வார்கள். ஹார்ன் சத்தத்தைக் காரணம் சொல்பவர்களும் உண்டு. மாடல் செய்பவருக்கு மூன்றுமே பயன்படும்: ஆட்டம், பானெட், ஹார்ன்.

நல்ல நீராவி இன்ஜின்கள் இருக்கும்போது ஏன் இப்படி ஒன்றைக் கட்டினார்கள்?

தபாலுக்காக. ஓட்டோ மியர்ஸ் என்பவர் 1890, 1891 ஆண்டுகளில் ரிட்ஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை 162 மைல், அதாவது சுமார் 260 கிலோமீட்டர் பாதை போட்டார். வழியிலுள்ள டெல்லுரைடு, ரீகோ போன்ற ஊர்களின் வெள்ளிச் சுரங்கங்களை நம்பிப் போட்ட பாதை அது. 1893இல் வெள்ளி விலை சரிந்ததும் ரயில்வேயும் சரிந்தது. அதற்குப் பிறகு அது நிமிரவே இல்லை. 1929இல் மறுபடி கடனில் மூழ்கி, நீதிமன்றம் நியமித்த நிர்வாகியான விக்டர் மில்லரின் கைக்கு வந்தது.

பயணிகள் குறைந்து போயிருந்தார்கள். ஆனால் அரசாங்கத் தபாலைச் சுமக்கும் ஒப்பந்தம் கையில் இருந்தது, அதை விட்டால் வேறு உறுதியான வருமானம் கிடையாது. நாலு பையும் பத்துப் பயணிகளும் போக, கரியும் தண்ணீரும் ஊற்றி, ஒரு குழுவே ஏறி நீராவி ரயிலை ஓட்டினால் கட்டுமா? பட்டறைத் தலைமை மெக்கானிக் ஜாக் ஓடன்பா ஒரு ப்யூக் காரை எடுத்து முதல் மோட்டாரைக் கட்டினார். பொருளாதாரப் பெருமந்த காலம் அது. பழைய பெரிய சொகுசுக் கார்கள் குறைந்த விலைக்கு எளிதாகக் கிடைத்தன. அதனால் 3ஆம் எண்ணிலிருந்து வந்த மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பியர்ஸ் ஆரோ கார்களே உடலாக வந்தன. இந்த வண்டிகளால்தான் அந்த ரயில்வே இன்னும் இருபது வருடம் உயிரோடு இருந்தது.

மொத்தம் எத்தனை? எதிலிருந்து தொடங்கலாம்?

ஏழு. முதல் எண் வண்டி இரண்டு வருடம் ஓடிவிட்டுப் பிரிக்கப்பட்டது. அதன் பாகங்கள் சில 6ஆம் எண்ணுக்குப் போயின. 6 பராமரிப்பு வேலைக்கான வண்டி, பின்னால் திறந்த தட்டு மட்டும். 2ஆம் எண்ணும் 6ஆம் எண்ணும் இரண்டு போகி வண்டிகள் (இங்கே போகி என்றால் ரயில் பெட்டி அல்ல, வண்டிக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டம்). 3, 4, 5, 7 ஆகியவை மூன்று போகி கொண்ட நீள வண்டிகள்.

முதல் முறை செய்பவர்கள் 6ஐ எடுங்கள். இரண்டே போகி, திறந்த தட்டு, உள்ளே இருக்கை வரிசை எதுவும் இல்லை. 5தான் அழகு, எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். ஆனாலும் அதை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது.

எந்த வருடத்து வண்டியைச் செய்வது? அது அவ்வளவு முக்கியமா?

எல்லாவற்றையும் விட முக்கியம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தொழிற்சாலையில் நூறு நூறாக வார்த்த இன்ஜினுக்கு ஒரு வரைபடம் இருக்கும். இது பட்டறையில் கையால் கட்டிய வண்டி. உடைந்தால் கையில் கிடைத்ததை வைத்து ஒட்டினார்கள், தேவை மாறினால் வண்டியையும் மாற்றினார்கள். 5ஆம் எண்ணையே பாருங்கள். 1933இல் பிறந்தபோது கார் உடல், இருண்ட நிறம். 1935இல் எல்லா வண்டிகளுக்கும் வெள்ளி நிறம் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு 3, 4, 5 மூன்றின் கார் உடலையும் கழற்றிவிட்டு வேய்ன் நிறுவனத்தின் பஸ் உடலைப் பொருத்தினார்கள். ராணுவ லாரிகளில் மிஞ்சிய இன்ஜின்களும் வந்தன. 1950 வாக்கில் தபால் ஒப்பந்தம் சாலை வண்டிகளுக்குப் போனது. அப்போதுதான் சரக்குப் பெட்டியின் பக்கவாட்டை வெட்டிப் பெரிய ஜன்னல் வைத்து, உள்ளே இருக்கை போட்டு, சுற்றுலாப் பயணிகளை ஏற்றினார்கள். கதவில் ஓடும் வாத்துப் படமும் 'கேலப்பிங் கூஸ்' என்ற எழுத்தும் வந்தது அதன்பிறகே.

ஆக ஒரே எண்ணில் நான்கு வண்டிகள். என் முதல் மாடலில் நான் இதைக் கவனிக்கவில்லை. வண்ணப் படம் கிடைக்கிறதே என்று இன்றைய 5ஆம் எண்ணின் படங்களைப் பார்த்துச் செய்துவிட்டு, 1938ஆம் ஆண்டுத் தபால் ஓட்டம் என்று பெயர் வைத்தேன். பஸ் உடல், பின்னால் ஜன்னல், கதவில் வாத்து: மூன்றுமே 1938இல் கிடையாது. பாதி மாடலைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

இப்போது முதல் வேலையாக ஒரு வருடத்தைக் காகிதத்தில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். ஒவ்வொரு பாகத்தைச் செய்யும்போதும், இது அந்த வருடம் இருந்ததா என்று கேட்டுக்கொள்வேன். அது இருந்ததற்கு ஒரு படமாவது கையில் இருக்க வேண்டும்.

வரைபடம் இல்லாமல் அளவு எடுப்பது எப்படி?

பழைய படத்திலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது: தண்டவாளம். இந்தப் பாதையின் கேஜ் 3 அடி, அதாவது 914 மில்லிமீட்டர். இரு தண்டவாளத்தின் உள்விளிம்புக்கும் உள்விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் அது.

உதாரணத்துக்கு, வண்டியை நேர் முன்னால் நின்று எடுத்த படம் ஒன்று கிடைக்கிறது. முன் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில் உள்விளிம்பு இடைவெளியை எண்ணினால் 183 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 914ஐ 183ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். இனி அதே ஆழத்தில் உள்ள எதையும் அளக்கலாம். அந்த 'அதே ஆழம்' என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பானெட்டின் முகப்பு சக்கரத்தைவிடக் கேமராவுக்கு அருகில் இருக்கும், படத்தில் பெரிதாகத் தெரியும். சரக்குப் பெட்டி தள்ளி இருக்கும், சிறிதாகத் தெரியும். முகப்பில் எடுத்த கணக்கைப் பெட்டிக்குப் போட்டால் பெட்டி ஒல்லியாகிவிடும்.

அதனால் நான் பிளெண்டர் என்ற 3டி செயலியில் முதலில் வெறும் 914 மில்லிமீட்டர் தண்டவாளத்தை மட்டும் போடுவேன். பழைய படத்தைக் கேமராவின் பின்னணியாக வைத்து, 3டி தண்டவாளமும் படத்துத் தண்டவாளமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும்வரை கேமராவை நகர்த்துவேன். பொருந்திய பிறகு வண்டியை அந்தக் கேமரா வழியாகப் பார்த்தே கட்டலாம். பொறுமை வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு மாலை போய்விடும். ஆனால் மூன்று கோணத்துப் படம் மூன்றும் பொருந்திவிட்டால், அந்த அளவை நம்பலாம்.

படங்களுக்கு முதல் இடம் டென்வர் பொது நூலகம். ஓட்டோ பெர்ரி எடுத்த ஆயிரக்கணக்கான ரயில் படங்கள் அங்கே பாதுகாக்கப்பட்டு, இணையத்திலும் பார்க்கக் கிடைக்கின்றன. பெர்ரியின் தொழில் தபால்காரர். விடுமுறையில் கேமராவோடு மலைக்குப் போய், தபால் சுமந்த இந்த வண்டிகளையும் எடுத்து வைத்திருக்கிறார். அதை நினைத்தாலே எனக்கு அந்தப் படங்கள் மீது தனிப் பிரியம்.

எந்த சிமுலேட்டருக்குச் செய்வது?

செலவில்லாமல் தொடங்க ஓபன் ரெயில்ஸ். 2001இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரின் வண்டிகளையும் பாதைகளையும் படிக்கும் இலவசச் செயலி அது. கியர் பெட்டி உள்ள வண்டியை அதன் கோப்பிலேயே விவரிக்கலாம் என்பதால் இந்த வண்டிக்கு நன்றாகப் பொருந்தும். டிரெயின்ஸ் என்ற ஆஸ்திரேலிய சிமுலேட்டரில் நேரோ கேஜ் பாதை போடுவது எளிது. அங்கே வண்டி பாதையின் நடுக்கோட்டைப் பிடித்து ஓடுகிறது, கேஜ் என்பது தண்டவாள மாடலின் தோற்றத்தைப் பொறுத்தது. நான் இரண்டுக்கும் செய்கிறேன். பிளெண்டரில் மாடல் ஒன்றே, கடைசியில் ஏற்றுமதியும் விவரக் கோப்பும்தான் வேறு.

மூன்று போகி வண்டியை வளைவில் எப்படித் திருப்புவது?

இதற்குத்தான் அதிகம் பேர் எழுதிக் கேட்கிறார்கள். சிமுலேட்டருக்குத் தெரிந்த சாதாரண வண்டி என்றால் ஒரு உடல், இரண்டு போகி. 5ஆம் எண் அப்படி இல்லை. சாலையில் போகும் டிரெய்லர் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கார் அல்லது பஸ் உடல், அதன் கீழ் முதல் போகியும் இரண்டாவது போகியும். பின்னால் உள்ள சரக்குப் பெட்டியின் முன்முனை இரண்டாவது போகிக்கு மேலே உட்கார்ந்து திரும்புகிறது, பின்முனை மூன்றாவது போகியில். இன்ஜின் சக்தி போவது இரண்டாவது போகிக்கு.

இதை ஒரே உடலாகச் செய்தால் வளைவில் பெட்டியின் நடுப்பகுதி தண்டவாளத்தை விட்டு வெளியே தள்ளி நிற்கும். இந்தப் பாதையில் இருந்த ஆஃபிர் வளையம் மாதிரி இறுக்கமான வளைவில் பார்க்கவே முடியாது. இரண்டு வண்டிகளாகப் பிரியுங்கள். முன்வண்டிக்கு உண்மையான இரண்டு போகி. பின்வண்டிக்கு முன்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு போகி, பின்பக்கம் உண்மையான போகி. அந்த மறைந்த போகியின் மையம், இரண்டாவது போகியின் மையத்தின் மேல் சரியாக விழும்படி இணைப்புப் புள்ளிகளை வையுங்கள். சில சென்டிமீட்டர் தவறினாலும் வளைவில் பெட்டியின் மூலை பஸ் உடலுக்குள் புகுந்துவிடும். எடை முழுவதையும் முன்வண்டியில் எழுதிவிடாதீர்கள், பெட்டியின் பங்கைப் பெட்டிக்குக் கொடுங்கள்.

வெள்ளி நிறம் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி வந்துவிடுகிறதே?

அது அலுமினியத் தூள் கலந்த பெயின்ட், மெருகேற்றிய உலோகம் அல்ல. மெட்டீரியலில் உலோகத் தன்மையை ஏற்றினால் வானம் அதில் தெரியும், கதை கெட்டது. உலோகத் தன்மையைச் சுழியத்துக்கு அருகில் வைத்து, சொரசொரப்பைக் கூட்டி, வெளிர் சாம்பல் நிறம் கொடுங்கள். மழைத்தண்ணீர் வழிந்த கோடுகளும், சக்கரத்துக்கு மேலே சேறு தெறித்த பழுப்பும், பானெட் ஓரத்தில் எண்ணெய்க் கறையும் சேர்ந்தால் வண்டிக்கு உயிர் வந்துவிடும்.

இன்ஜின் சக்தி, எடை எல்லாம் எப்படி எழுதுவது?

மலையிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பாதையின் கடுமையான ஏற்றம் 4 சதவீதம், அதாவது 25 மீட்டருக்கு 1 மீட்டர். உச்சி லிசர்ட் ஹெட் கணவாய், 3,100 மீட்டருக்கு மேல்.

4 சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னுக்கும் 40 கிலோ பின்னிழுப்பு. கணக்குக்காக 8 டன் வண்டி என்று வைத்தால் 320 கிலோ. மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற சுமார் 23 குதிரைச் சக்தி, 40 கிலோமீட்டரில் ஏற சுமார் 47. உருளல் தடையும் கியர் இழப்பும் தனி. அந்த உயரத்தில் காற்று மெல்லியது, பெட்ரோல் இன்ஜின் தன் முழுச் சக்தியைத் தராது. கடல் மட்டத்தில் கொடுக்கும் சக்தியில் முக்கால் பங்கை எழுதினால் உண்மைக்கு நெருங்கி வரும்.

சிமுலேட்டரில் வழக்கமாக டீசல் இன்ஜின் கோப்பை நகலெடுத்து எண்ணை மட்டும் மாற்றுவார்கள். அப்படிச் செய்தால் வண்டி ஒரே சீராக ஏறும், கார் மாதிரியே இருக்காது. ஓபன் ரெயில்ஸில் கியர்களையும் ஒவ்வொரு கியரின் உச்ச வேகத்தையும் எழுதுங்கள். டிரெயின்ஸில் வேகத்துக்கு ஏற்ற விசை அட்டவணையில் படிப்படியாகக் குறையுங்கள். ஏற்றத்தில் கியர் இறக்காமல் விட்டால் வண்டி திணற வேண்டும். அந்தத் திணறல் வந்துவிட்டால் கணக்கு சரி என்று எடுத்துக்கொள்வேன்.

பின்னோக்கி ஓட்டலாமா?

ரிவர்ஸ் கியர் காரின் ரிவர்ஸ் கியர்தான். நகர்த்தி நிறுத்த ஆகும், பயணத்துக்கு ஆகாது. கடைசி நிலையத்தில் முக்கோணப் பாதையோ திருப்பு வளையமோ போட்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

ஒலி, அந்த ஆட்டம்?

நம் ஊர் ரயிலில் 'தடக் தடக்' என்று கேட்கும் இல்லையா, அது இரு தண்டவாளத்திலும் இணைப்புகள் நேருக்கு நேராக இருப்பதால். அமெரிக்க வழக்கம் வேறு: இடது தண்டவாளத்தின் இணைப்பு, வலது தண்டவாளத் துண்டின் நடுவுக்கு நேராக வரும். இடம் ஒரு தட்டு, வலம் ஒரு தட்டு. மெலிந்த தண்டவாளமும் தளர்ந்த கட்டைகளும் சேர்ந்தால் வண்டி பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்து சாய்ந்து வரும். வாத்து நடை பிறந்த இடம் இதுதான்.

அந்தக் காலத் தண்டவாளத் துண்டு பொதுவாக 30 அடி, 9.14 மீட்டர். இணைப்புகள் மாறி மாறி வருவதால் ஒவ்வொரு 4.57 மீட்டருக்கும் ஒரு தட்டு. மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறக்குறைய இரண்டு நொடிக்கு மூன்று தட்டு விழும். இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று என்று பிரித்துப் பதிவு செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே வண்டி ஆடுவது தெரியும். பாதை போடும்போது இணைப்புகள் வரும் இடங்களில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்கி ஏற்றினால் ஓட்டுநர் அறையிலிருந்து பார்க்கையில் அடிவானமும் அசையும்.

இன்ஜின் ஒலிக்குப் போருக்கு முந்தைய வண்டி என்றால் பெரிய ஆறு சிலிண்டர் காரின் ஒலியைத் தேடுங்கள், போருக்குப் பிந்தையது என்றால் அந்தக் கால ஜிஎம்சி லாரியின் ஒலி. இரண்டுக்கும் இன்றைய பஸ் ஒலியை வைக்க வேண்டாம்.

உண்மையான வண்டியை இன்றைக்கும் பார்க்க முடியுமா?

ரயில்வே 1950களின் தொடக்கத்தில் மூடப்பட்டது, பாதையைப் பிரித்தெடுக்கும் வேலைக்குக்கூட இந்த மோட்டார்களே போயின. ஆனாலும் ஆறு வண்டிகள் தப்பிவிட்டன. 2, 6, 7 கோல்டன் நகரில் உள்ள கொலராடோ ரயில்வே அருங்காட்சியகத்தில். 7இல் பழைய பியர்ஸ் ஆரோ முகம் இன்னும் இருக்கிறது, கார் உடல் செய்பவர்களுக்கு அதுதான் பாடம். 3 கலிஃபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவில். 4 டெல்லுரைடு தீயணைப்புத் தொண்டர்களுடையது. 5 டொலோரஸ் ஊரில் இருக்கிறது, அவ்வப்போது கும்ப்ரெஸ் அண்ட் டோல்டெக் பாதையில் பயணிகளோடு ஓடுகிறது. அந்தப் பயணங்களின் வீடியோக்கள் ஒலிக்கும் ஆட்டத்துக்கும் நல்ல ஆதாரம். பிரிக்கப்பட்டுப்போன 1ஆம் எண்ணுக்கு ரிட்ஜ்வே அருங்காட்சியகத்தில் ஒரு நகலைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பிறர் எடுத்த படத்தை டெக்ஸ்சராக, அதாவது மாடலின் மேற்பரப்புப் படமாக, ஒட்டலாமா?

பார்த்து அளக்கலாம், வெட்டி ஒட்டக் கூடாது. எடுத்தவரிடமோ நூலகத்திடமோ அனுமதி கேளுங்கள், மாடலோடு போகும் குறிப்பில் நன்றியை எழுதுங்கள். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருகிறார்கள்.

இதை முடித்துவிட்டேன். அடுத்து?

போட்ட 914 மில்லிமீட்டர் பாதையை வீணாக்க வேண்டாம். அயர்லாந்தின் கவுன்டி டொனகல் ரயில்வேயும் அதே கேஜ்தான். ஹென்றி ஃபோர்ப்ஸ் பொறுப்பில் இருந்தபோது பெட்ரோல், டீசல் ரயில் கார்களை அங்கே அருமையாக ஓட்டினார்கள். பின்னாளில் வந்த டீசல் கார்களும் முன்பக்கம் இன்ஜின், பின்பக்கம் பயணிகள் என்று மடங்கும் வண்டிகளே. கூஸுக்குக் கற்ற இணைப்பு வித்தை அப்படியே கைகொடுக்கும். பென்சில்வேனியாவில் ஈஸ்ட் பிராட் டாப் ரயில்வேயின் எம்-1 இன்னொன்று. 1927இல் கட்டியது, பெட்ரோல் இன்ஜின் மின்சாரம் தயாரிக்க, மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். கியர் இல்லாததால் ஓட்டும் அனுபவமே வேறாக இருக்கும்.

நம் பக்கம் என்றால் 762 மில்லிமீட்டர் கேஜ். கால்கா சிம்லா பாதையில் ரயில் மோட்டார் கார் இருக்கிறது. இலங்கையில் களனிப் பள்ளத்தாக்குப் பாதை அகலமாக்கப்படும் முன்பு சென்டினல் நீராவி ரயில் கார்கள் அதில் ஓடின. சென்டினலை நான் தொடங்கிவிட்டேன். மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டிய வருடத்தை இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தப் பாதையில் எடுத்த பழைய குடும்பப் படம் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால், ஓரத்தில் வண்டி கொஞ்சம் தெரிந்தாலும் போதும், ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.